விரல் பத்திரம்! வீட்டுப் பட்டறைக்குச் சில குறிப்புகள்

டிரில் மெஷினும் ஆங்கிள் கிரைண்டரும் வீட்டு வாசலிலேயே வந்து இறங்குகிற காலம் இது. ஆர்டர் போட்ட இரண்டாம் நாள் பெட்டியைப் பிரித்து, மொட்டை மாடியில் உட்கார்ந்து, பழைய இரும்புக் கட்டிலின் காலை அறுக்க ஆரம்பித்துவிடுகிறோம். ஆசாரியிடமோ வெல்டிங் பட்டறையிலோ சில வருஷம் எடுபிடியாக இருந்தவருக்கு எது எப்போது துள்ளும், எந்தப் பக்கம் நிற்கக் கூடாது என்பதெல்லாம் உடம்பில் ஏறியிருக்கும். பெட்டிக்குள் மடித்து வைத்த பொடி எழுத்துத் தாளில் அது கிடைக்காது.

'பார்த்து, ஜாக்கிரதையா செய்யுங்க' என்று வீட்டில் சொல்வார்கள். நல்ல வார்த்தைதான், ஆனால் போதாது. காலிங் பெல் அடித்தாலோ, கொசு கடித்தாலோ, பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டாலோ கவனம் அரை நொடி நழுவத்தான் செய்யும். அந்த அரை நொடியிலும் விரல் தப்புகிற மாதிரி முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டு மெஷினை ஆன் செய்ய வேண்டும். இங்கே சொல்லியிருப்பதெல்லாம் பெரும்பாலும் அந்த ஏற்பாடுகள்தான்.

ஆன் செய்வதற்கு முன்

1. வேலை நடுவே கரண்ட் போனால், முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்குங்கள். பெரும்பாலான கிரைண்டர்களில் ஸ்விட்சைத் தள்ளிவிட்டால் அது ஆனிலேயே நிற்கும். டிரில்லிலும் பக்கத்தில் ஒரு பூட்டுப் பட்டன் உண்டு. கரண்ட் போனதும் மெஷினைத் தரையில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவோம். ஸ்விட்ச் ஆனில்தான் இருக்கிறது என்பது மறந்துபோகும். கரண்ட் திரும்பும்போது ஆள் இல்லாத இடத்தில் மெஷின் தானாக ஓடித் தரையில் துள்ளும். பக்கத்தில் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். புதிதாக வாங்குபவர்கள், கையை எடுத்தாலே நின்றுவிடும் ஸ்விட்ச் உள்ள மாடலைக் கேட்டு வாங்கலாம். விலை கொஞ்சம் கூடும், கொடுக்கலாம்.

2. பிட் மாற்ற, வீல் மாற்ற, சிக்கிய மரத்துண்டை எடுக்க, எதற்கானாலும் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைக் கழற்றி, அது உங்கள் கண்ணில் படுகிற இடத்தில் போடுங்கள். பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியைக் கழற்றுங்கள். ஒயர் இல்லாததால் பேட்டரி டிரில்லை எல்லோரும் பொம்மை மாதிரி நினைக்கிறார்கள். விரலை முறுக்குவதற்கு அந்தப் பேட்டரியின் பலமே தாராளம்.

3. வீட்டு மெயின் போர்டில் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். எம்சிபி ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஷாக் அடிக்கும்போது உடம்பு வழியாகப் போகிற மின்சாரம் எம்சிபி விழுவதற்குப் போதவே போதாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அந்தக் கசிவைக் கண்டுபிடித்து, கண் இமைப்பதற்குள் இணைப்பைத் துண்டிக்கும். அதில் 'டெஸ்ட்' அல்லது 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஃபேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையால் தொட்டவரை ஆர்சிசிபியாலும் காப்பாற்ற முடியாது. அதனால் தைரியம் அளவோடு இருக்கட்டும்.

4. எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டியபடியே பயன்படுத்தக் கூடாது. சுருளுக்குள் சூடு தங்கி, மேல் உறை உருகிவிடும். முழுக்க அவிழ்த்துப் போடுங்கள். சின்ன மெஷின்களுக்கு 1.5 சதுர மி.மீ. ஒயர் போதும். 2,000 வாட் கட்டிங் மெஷினுக்கு 2.5 சதுர மி.மீ. ஒயரும் 16 ஆம்பியர் பிளக்கும் வேண்டும். பிளக் இல்லாமல், ஒயர் முனையைச் சீவித் தீக்குச்சி வைத்துச் சொருகுகிற பழக்கம் இன்னமும் இருக்கிறது. ஐம்பது, நூறு ரூபாய் பிளக்குக்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

5. சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி மெஷின் லேபிளில் இருந்தால், அது இரட்டைக் காப்பு உள்ள மெஷின். இரண்டு பின் பிளக்கே சரி. அந்தக் குறி இல்லாத பழைய இரும்பு பாடி மெஷினுக்கு மூன்று பின்னும் எர்த்தும் கட்டாயம். துளை பொருந்தவில்லை என்று எர்த் பின்னை வெட்டி எறிகிற வேலை வேண்டாம்.

6. லுங்கியும் தோள் துண்டும் மாடியில் காற்று வாங்க உட்காருவதற்கு வசதி; மெஷின் பக்கத்தில் ஆகாது. துப்பட்டா, முந்தானை, தொளதொள சட்டைக் கை, பின்னாத தலைமுடி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கோயில் கயிறு, காப்பு, கழுத்துச் சங்கிலி, மாலை இவற்றை வேலைக்கு முன் கழற்றிவிடுங்கள். கழற்றக் கூடாத விரதக் கயிறு என்றால், இறுக்கமான முழுக்கைச் சட்டைக்குள் அடக்குங்கள். மோதிரத்துக்கு மட்டும் விதிவிலக்கே கிடையாது. அது எதிலாவது மாட்டி இழுபட்டால், விரலின் தோலைச் சதையோடு உறை மாதிரி உரித்துவிடும். அறுபட்ட விரலைக்கூடச் சில சமயம் ஒட்டிவிடலாம். உரிபட்ட விரலைச் சரிசெய்வது அதைவிடக் கஷ்டம்.

7. கையுறை எப்போதும் நல்லது என்று நினைக்காதீர்கள். டிரில், டிரில் ஸ்டாண்ட், பெஞ்ச் கிரைண்டர் இவற்றில் சுழலும் பாகம் கைக்கு நெருக்கத்தில் இருக்கும். பின்னல் கையுறையின் ஒரு நூல் மாட்டினால் போதும், கையே உள்ளே போகும். ஆங்கிள் கிரைண்டரில் இரண்டு கையும் பிடியில் இருப்பதால், தீப்பொறிக்காக விரலோடு ஒட்டிய தோல் கையுறை போடலாம். காலுக்கு ஷூ. செருப்போடு இரும்பு அறுப்பவர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கிறோம் என்பதற்காக அது சரியாகிவிடாது.

8. அறுக்கப்போகிற பொருளைக் காலால் மிதித்துக்கொண்டோ, ஒரு கையால் பிடித்துக்கொண்டோ வேலை செய்யாதீர்கள். இந்தக் குறிப்புகளில் ஒன்றை மட்டும்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். இரண்டு சி கிளாம்ப், முடிந்தால் மேஜையில் ஒரு பெஞ்ச் வைஸ், செலவு அவ்வளவுதான். பொருளை அது பிடித்துக்கொண்டால் உங்கள் இரண்டு கையும் மெஷினுக்குப் போய்விடும். இரண்டு கையும் பிடியில் இருக்கும்போது வீலின் வழியில் விரல் வர வாய்ப்பே இல்லை. அப்போது கவனம் சிதறினால் கோணலாக வெட்டுப்படும், அவ்வளவுதான்.

ஆங்கிள் கிரைண்டர்

கடைக்காரர்கள் 'ஏஜி ஃபோர்' என்று சொல்லும் நாலு இஞ்ச் மெஷின்தான் வீடுகளில் அதிகம். கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

9. கார்டைக் கழற்றாதீர்கள். "அண்ணே, கார்டைக் கழட்டிட்டா அஞ்சு இஞ்ச் வீலே போடலாம்" என்று ஹார்டுவேர் கடையிலேயே யோசனை சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். நாலு இஞ்ச் மெஷின் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. அப்படியென்றால் வீலின் ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த வீல் உடைந்தால் துண்டுகளும் அதே வேகத்தில்தான் கிளம்பும். துண்டுக்கும் முகத்துக்கும் நடுவே இருப்பது அந்த அரை வட்டத் தகடு ஒன்றுதான். கார்டைக் கழற்றாமல், மூடிய பக்கம் உங்களைப் பார்க்கும்படி திருப்பி முடுக்குங்கள்.

10. வீல் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். நாலு இஞ்ச் வீலில் உச்ச வேகம் 15,000 சுற்றுக்கு மேல் போட்டிருக்கும். ஏழு இஞ்ச் வீலில் அது 8,500 அளவுக்கு இறங்கிவிடும். பதினாலு இஞ்ச் வீலில் இன்னும் குறைவு. வீலில் போட்டிருக்கும் எண், மெஷின் லேபிளில் இருக்கும் எண்ணைவிட அதிகமாக இருக்க வேண்டும். நடுத்துளையையும் பாருங்கள்: நாலு இஞ்ச் கிரைண்டருக்கு 16 மி.மீ., மார்பிள் கட்டர் பிளேடுக்குப் பெரும்பாலும் 20 மி.மீ. அதை இதில் வளையம் இல்லாமல் மாட்டினால் மையம் விலகி, மெஷின் கையில் நிற்காமல் உதறும்.

11. கட்டிங் வீலுக்குக் காலாவதித் தேதி உண்டு. நடுத்துளையைச் சுற்றி உள்ள உலோக வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தரமான வீல்களில் மாதமும் வருஷமும் பொறித்திருக்கும். செய்த நாளிலிருந்து மூன்று வருஷம் கணக்கு. வீலின் பொடியை ஒட்டிவைத்திருப்பது ரெசின் பசை. அது ஈரத்தை இழுத்துப் பலம் குறையும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மாடிப்படி அடியில் போட்டுவைத்த பழைய வீலை நம்பவே நம்பாதீர்கள். வீல்களை ஒரு டப்பாவில் தட்டையாகப் படுக்க வைத்து மூடுங்கள்.

12. ஒரு மி.மீ. கட்டிங் வீல் அறுக்க மட்டும்தான். பக்கவாட்டில் வைத்துத் தேய்த்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். தேய்க்கத் தடிமனான கிரைண்டிங் வீல் தனியே இருக்கிறது.

13. அறுக்கும்போது வெட்டு வாய் திறக்க வேண்டும், மூடக் கூடாது. மெஷின் துள்ளுவதற்கு முக்கியமான காரணமே இதுதான். ஒரு ஸ்கொயர் பைப்பை இரண்டு செங்கல் மேல் வைத்து நடுவில் அறுக்கிறீர்கள் என்று வையுங்கள். பாதிக்கு மேல் அறுபட்டதும் பைப் தன் எடையில் நடுவே தொய்யும். மேலே உள்ள வெட்டு வாய் நெருங்கி வீலைக் கவ்வும். நொடிக்கு 180 தடவை சுற்றுகிற வீல் சட்டென்று நிற்க முடியாமல், மொத்த மெஷினையும் உங்களை நோக்கித் தூக்கி எறியும். கழுத்திலும் முகத்திலும் தொடையிலும் படுகிற காயங்கள் இப்படி வருபவைதான். அதே பைப்பை மேஜை ஓரத்தில் கிளாம்ப் போட்டு, அறுபடப்போகிற துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மேஜையை ஒட்டி அறுத்துப் பாருங்கள். துண்டு தொங்கத் தொங்க வெட்டு வாய் விரியும். வீல் சுதந்திரமாக ஓடும். நீட்டிய துண்டு பெரிதாக இருந்தால் விழும் இடத்தில் கால் இருக்க வேண்டாம்.

14. வீல் சுற்றும் கோட்டுக்கு நேராக நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். பக்கப் பிடியை மாட்டி இரண்டு கையாலும் பிடியுங்கள். புது வீல் போட்டதும் ஆள் இல்லாத பக்கம் காட்டி ஒரு நிமிஷம் சும்மா ஓடவிடுங்கள். உடைகிற வீல் பெரும்பாலும் அந்த ஒரு நிமிஷத்திலேயே உடைந்துவிடும்.

15. மரம் அறுக்கும் பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டாதீர்கள். கடையில் தாராளமாக விற்கிறார்கள், பல தச்சர்களும் மாட்டுகிறார்கள். ஆனாலும் சொல்கிறேன், இதைவிட ஆபத்தான இணைப்பு வீட்டில் வேறு இல்லை. தேய்த்து அறுக்கும் வீல் மாதிரி இல்லாமல், பல் மரத்தைக் கடித்து இழுக்கும். கிரைண்டரின் வேகமோ மரம் அறுக்கத் தேவையானதைவிட மிக அதிகம். ஒரு முடிச்சில் பல் மாட்டினால் மெஷினைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. மரத்துக்கு ஜிக்சாவோ, கைரம்பமோ போதும்.

16. தீப்பொறி போகிற திசையைப் பார்த்து உட்காருங்கள். தின்னர் டப்பா, மரத்தூள் குவியல், பைக், சமையல் சிலிண்டர் எதுவும் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. பொறி கண்ணாடியிலும் டைல்ஸிலும் பட்டால் உருகி ஒட்டிக்கொண்டு, மறுவாரம் துருப்புள்ளியாகத் தெரியும். கார் கண்ணாடிக்கும் இதே கதிதான். வேலை முடிந்து அரை மணி கழித்து அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். மரத்தூளுக்குள் விழுந்த பொறி நிதானமாகத்தான் பற்றும்.

17. ஸ்விட்சை அணைத்த பிறகும் வீல் சில நொடி சுற்றும். முழுக்க நின்றதும்தான் கீழே வைக்க வேண்டும்.

டிரில்

18. சுவரில் துளை போடும் முன் மேலும் கீழும் பாருங்கள். ஸ்விட்ச் போர்டிலிருந்து ஒயர் பெரும்பாலும் நேர் மேலே ஏறி, கூரையை ஒட்டிப் போகும். அதனால் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் பக்கவாட்டிலும் துளை வேண்டாம். குளியலறையில் குழாய், ஷவர், கீசர் இவற்றின் நேர்கோடுகளுக்கும் இதே விதிதான். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும் பைப் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து அலமாரி மாட்டும்போது அதன் அருமை தெரியும்.

19. மெல்லிய தகட்டில் துளை போடும்போது கடைசிச் சுற்றில்தான் ஆபத்து. பிட் மறுபக்கம் வெளியே வரும் நேரத்தில் தகட்டைக் கவ்விச் சுழற்றும். கையில் பிடித்திருந்தால் தகடு விசிறி இறக்கை மாதிரி விரல்களைச் சீவும். இரண்டு மரத்துண்டுக்கு நடுவே வைத்துக் கிளாம்ப் போட்டுத் துளையுங்கள். ஹாமர் டிரில் கான்கிரீட்டில் கம்பியில் முட்டினால் மணிக்கட்டை முறுக்கிவிடும். பக்கப் பிடி இல்லாமல் அதைத் தூக்காதீர்கள்.

20. சக் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஆன் செய்தால் அது பறந்துவரும். பிளக் பக்கத்து ஒயரில் அதைக் கட்டிவையுங்கள். சக் கீயை எடுக்கப் பிளக்கிடம் போக வேண்டும் என்கிறபோது, பிளக்கைக் கழற்றுகிற பழக்கமும் தானாக வந்துவிடும்.

21. மழுங்கிய பிட்டை அமுக்கி வேலை வாங்காதீர்கள். வழுக்கி இடது கையில் ஏறும்.

மர வேலை, தூசு, சத்தம்

22. மார்பிள் கட்டரைப் பிளைவுட்டின் அடியில் தலைகீழாக முடுக்கி 'டேபிள் சா' செய்கிற வீடியோக்கள் ஏராளம். பார்க்க ஆசையாக இருக்கும், செய்யாதீர்கள். அதில் கார்டு இல்லை, அறுபட்ட மரம் மூடிக்கொள்ளாமல் தடுக்கும் பிரிப்புத் தகடு இல்லை, அவசரத்துக்கு அணைக்க ஸ்விட்ச் கைக்கு எட்டாது. போதாததற்கு ஸ்விட்சை டேப் சுற்றி ஆனிலேயே கட்டியிருப்பார்கள். முறையாகச் செய்த டேபிள் சாவிலேயே விரல்கள் போகின்றன. அமெரிக்காவில் ஸ்டீவ் கேஸ் என்பவர், விரல் பட்டவுடன் சில மில்லி நொடிகளில் பிளேடு நின்றுவிடும் 'சா ஸ்டாப்' என்ற ஏற்பாட்டை 1999-ல் கண்டுபிடித்ததற்கு அந்தக் காயங்கள்தான் காரணம். ஒரு கதவு செய்யும் அளவு மரம் அறுக்க வேண்டுமா? மர அறுவை மில்லில் கொடுங்கள், கூலி கொஞ்சம்தான்.

23. சர்குலர் சாவின் அடிக் கார்டு தானாக மூடிக்கொள்ளும். அதைக் கம்பியால் தூக்கிக் கட்டாதீர்கள். பிளேடு மரத்தின் தடிமனைவிட ஒரு பல் ஆழம் மட்டும் கீழே இறங்கினால் போதும். பழைய நிலை, ஜன்னல் சட்டம் அறுக்கும்போது முதலில் ஒரு காந்தத்தை ஓட்டி ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். ஜிக்சாவில், பலகைக்கு அடியில் கை கொடுத்துத் தாங்கக் கூடாது. பிளேடு அங்கேதான் ஓடுகிறது.

24. மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. கிரானைட், டைல்ஸ் தூளில் சிலிக்கா. நுரையீரலில் படிந்தால் திரும்ப வராது. கைக்குட்டை கட்டினால் அந்தப் பொடி நிற்காது. என்95 மாஸ்க் போடுங்கள். கல்லுக்குத் தண்ணீர் விட்டு அறுங்கள். தண்ணீர் விடுவதானால் மூன்றாம் குறிப்பில் சொன்ன ஆர்சிசிபி இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

25. பவர் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. பக்கவாட்டிலும் மூடியிருக்கும் கண்ணாடி வேண்டும். 'இசட் 87 பிளஸ்' குறியோ, 'இஎன் 166' குறியோடு 'எஃப்' அல்லது 'பி' எழுத்தோ இருந்தால் அது வேகமாக வந்து மோதுவதைத் தாங்கும். கிரைண்டர் என்றால் அதற்கு மேல் முகத்திரையும் போடுங்கள். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவருக்கும் ஒரு கண்ணாடி வேண்டும். இல்லையென்றால் அவரை உள்ளே அனுப்புங்கள்.

26. கிரைண்டர் சத்தம் 100 டெசிபல் வரை போகும். அந்த அளவில் ஒரு நாளைக்கு 15 நிமிஷம்தான் காது தாங்கும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. காதில் அடைக்கும் நுரை பிளக் பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறது.

27. ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைத்துப் பொட்டு வைப்போம் அல்லவா? அன்றைக்கே ஒயர் பிளக்கோடு சேரும் இடத்தில் வெடித்திருக்கிறதா, கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா, கார்டு நெளிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடிபட்டுவிட்டால்

28. ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்து நேராக அழுத்துங்கள், கையை மார்புக்கு மேல் தூக்குங்கள். பத்து நிமிஷம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுநடுவே எடுத்துப் பார்த்தால் உறைந்தது கலைந்துவிடும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று வையுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதையும் காயத்தில் போடாதீர்கள். ஆஸ்பத்திரியில் தைப்பதற்கு முன் அதையெல்லாம் சுரண்டி எடுப்பதற்கே நேரமாகும், வலியும் இரட்டிப்பு. பாட்டி வைத்தியத்துக்கு வீட்டில் வேறு இடம் உண்டு.

29. விரல் துண்டானால் துண்டைத் தேடி எடுங்கள். ஈரம் பிழிந்த சுத்தமான துணி அல்லது காஸில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, தண்ணீர் புகாமல் கட்டுங்கள். அந்தக் கவரை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது. பட்டால் திசு உறைந்து செத்துவிடும். பாலிலோ தண்ணீரிலோ ஊறப்போடவும் கூடாது. தோலில் தொங்கிக்கொண்டிருந்தால் வெட்டி எடுக்காதீர்கள். அந்தத் தோலிலேயே ரத்தக்குழாய் இருக்கலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர்.வெங்கடசாமி தொடங்கிய கை அறுவைச் சிகிச்சைப் பிரிவும், கோவை கங்கா மருத்துவமனையும் இந்த வேலைக்குப் பெயர் பெற்றவை. மற்ற ஊர்க்காரர்கள், கிளம்பும்போதே 'மைக்ரோ சர்ஜன் இருக்கிறாரா' என்று போனில் கேட்டுவிட்டு வண்டியைத் திருப்புங்கள். மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்குவதில்தான் பொன்னான நேரம் போய்விடுகிறது.

30. அடிபட்ட கையில் மோதிரம், வளையல் இருந்தால் உடனே கழற்றுங்கள். அரை மணி போனால் வீங்கி, வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

31. கண்ணில் துகள் விழுந்தால் கசக்காதீர்கள். மேலோட்டமான தூசு என்றால் சுத்தமான தண்ணீரில் கழுவினால் போய்விடும். போகவில்லை என்றால் கண் டாக்டரிடம்தான் போக வேண்டும். துணி முனை, தீக்குச்சி, நாக்கு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் இதெல்லாம் கருவிழியில் புண்ணும் கிருமியும் ஏறுவதற்கு வழி. இரும்புத் துகள் ஒரு ராத்திரி தங்கினாலே துரு வளையம் விட்டுவிடும். சுத்தியலால் உளியையோ ஆணியையோ அடிக்கும்போது 'சுருக்' என்று ஏதோ பட்டு, பார்வை மங்கினால் கதையே வேறு. துகள் கண்ணுக்குள் துளைத்துப் போயிருக்கலாம். கழுவவும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். ஒரு பேப்பர் கப்பைக் கண்மேல் கவிழ்த்து, ஓரத்தில் டேப் ஒட்டி, கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எப்போதாவது எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வந்தால் கண்ணில் இரும்பு பட்ட விஷயத்தை முதலில் சொல்லிவிடுங்கள். அந்தக் காந்தம் உள்ளே இருக்கும் துகளை நகர்த்திவிடும்.

32. வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தவருக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆறு, எட்டு மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில், கண்ணில் மணல் கொட்டியது போல எரியும். பொதுவாக ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். ஈரத்துணி ஒத்தடம், இருட்டறை, காலையில் டாக்டர். மரத்துப்போகும் சொட்டு மருந்தைக் கடையில் கேட்டு வாங்கி விட்டுக்கொள்ளாதீர்கள். அது புண் ஆறவிடாது.

33. பைக் கழுவும் பிரஷர் வாஷர், பெயிண்ட் ஸ்பிரே மெஷின், கிரீஸ் கன் இவற்றின் முனை விரலில் பட்டால் ஊசி குத்திய அளவே தெரியும். வலிகூடப் பெரிதாக இருக்காது. உள்ளே தசைநார் ஓரமாகவே தண்ணீரும் பெயிண்டும் பாய்ந்திருக்கும். சில மணி நேரத்தில் விரல் கறுக்க ஆரம்பிக்கும். சின்னக் காயம் என்று பேண்ட் எய்ட் ஒட்டிக்கொண்டு இருந்துவிடாமல் அன்றைக்கே கை அறுவை நிபுணரிடம் காட்டுங்கள்.

34. ஷாக் அடித்துக் கிடப்பவரைத் தொடும் முன் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளுங்கள். மூச்சு இல்லையென்றால் 108-ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவே இரண்டு கையையும் வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஒரு ஈசிஜி எடுத்துவிடுவது நல்லது.

35. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் காபியோ ஜூஸோ வாங்கிக் கொடுக்காதீர்கள். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்க மருந்து கொடுக்கத் தாமதிப்பார்கள். எந்த மெஷின், எத்தனை மணிக்கு அடிபட்டது, கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டது எப்போது, சர்க்கரைக்கோ ரத்தம் உறையாமல் இருப்பதற்கோ மாத்திரை சாப்பிடுகிறாரா. இந்த நாலும் கூடப்போகிறவருக்குத் தெரிந்திருந்தால் உள்ளே நுழைந்ததும் வேலை நடக்கும்.